மஞ்சள் தடவிய இரை

2009 பிப்ரவரியில் லண்டனில் கொட்டிய பனி பலருக்கும் நினைவிருக்கும். எனக்கு அது எங்கள் வீட்டு பாய்லர் செத்த வாரம். ரெய்னர்ஸ் லேனில் எங்களுடையது பழைய வீடு, ஜன்னல் இடுக்கு வழியாகவே பாதிக் குளிர் உள்ளே வந்துவிடும். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. ரிப்பேர் கம்பெனிக்குப் போன் போட்டால் அடுத்த வாரம்தான் ஆள் வருமாம். போனிலேயே கத்தினேன். எனக்கு மூக்கின் மேல் கோபம், தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கத்தியதில் நான்தான் சூடானேன், வீடு சூடாகவில்லை.

"அண்ணாவைக் கேக்கட்டோ?" என்றாள் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல்.

அவளுடைய அண்ணனுக்கு பாய்லர், ஹீட்டிங் வேலைதான். ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு, குடும்பத்தோடு தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரே ஊருக்கு வந்தும் எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. காரணம் நான்தான். நான் மலேசியாக்காரன். படிக்க வந்தேன், வேலை கிடைத்தது, இங்கேயே தங்கிவிட்டேன். அவள் யாழ்ப்பாணம். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியது அந்த அண்ணன். ஜெர்மனியில் தன் சிநேகிதர் குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வாக்கும் கொடுத்துவிட்டிருந்தார். நாங்கள் இங்கே பதிவுத் திருமணம் செய்துகொண்டு பிறகுதான் போன் பண்ணினோம். அவர் திட்டவில்லை. "சந்தோசமா இரு. ஆனா உன்ர வீட்டில நான் ஒரு வாய் தண்ணியும் குடிக்க மாட்டன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நம் ஆட்களிடம் இது சின்னப் பேச்சில்லை. ஏசலாம், அடிக்க வரலாம், அதெல்லாம் ஒரு கல்யாணவீட்டில் சரியாகிவிடும். உன் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த வார்த்தையை எடுப்பதற்கு வழியே கிடையாது. சொன்னவருக்கே கிடையாது.

ஆனாலும் அன்று வந்தார். சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, நேரே பாய்லர் இருந்த அலமாரிக்குள் தலையை விட்டார். மத்தியானத்துக்குள் ரேடியேட்டர்கள் சூடாகிவிட்டன. மனைவி தேத்தண்ணியும் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு ஸ்டீல் பிளாஸ்கை எடுத்து, மூடியில் தன் தேத்தண்ணியை ஊற்றி, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் கண் முன்னாலேயே குடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பாய்லரே தேவையில்லை. மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கிளம்பும்போதுதான் வாசல் மூலையில் சாத்தியிருந்த என் தூண்டிலைப் பார்த்தார். மலேசியாவில் நாங்கள் ஜோரான் என்போம், என் அண்ணன்மாரோடு ஆற்றுக்கும் குளத்துக்கும் கொண்டுபோய்ப் பழகிய சாமான். லண்டனுக்கு வந்த பிறகு அதை வெளியே எடுத்ததில்லை.

"உது ஆரின்ர?" என்று தங்கச்சியிடம் கேட்டார்.

"அவரின்ர தான்."

"சாண்டர் பிடிச்சிருக்கிறாரோ எண்டு கேள்."

நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். என்னிடம் கேட்பதற்கு அவள் தேவைப்பட்டாள். சாண்டர் என்றால் என்ன என்று நான் நேரடியாகவே கேட்டேன். அவ்வளவுதான், மனுஷன் மாறிவிட்டார். ஜெர்மனியில் அவருக்கு உயிரே அந்த மீன்தானாம். முதுகில் முள்ளுச் செட்டை, கண்ணாடி மாதிரிக் கண், உள்ளே வெள்ளை வெளேரென்று சதை, முள் குறைவு. தேம்ஸிலும் கொஞ்சம் கிடக்காம். மார்ச் நடுவில் சட்டப்படி ஆற்றை மூடிவிடுவார்கள், ஜூன் நடுவில்தான் திறப்பார்கள், அதற்குள் ஒன்றாவது பிடித்துவிட வேண்டும் என்றார். குளிரை மறந்து வாசலிலேயே நின்று பேசினார்.

மனைவி அந்த இடத்தில்தான் ஒரு போடு போட்டாள். "அண்ணா, நீங்கள் பிடிச்சுக்கொண்டு வாற மீனை இஞ்சை நான் சமைச்சா சாப்பிடுவீங்களோ? அது உங்கட மீன் தானே. எங்கட வீட்டுச் சாப்பாடு இல்லையே."

அவர் யோசித்தார். இதற்கு ஒரு நீதிபதி யோசிப்பது போல யோசித்தார். "மீன் என்ர. சரி. சோறு?"

"சோறு வீட்டில இருந்து கொண்டு வாங்கோ."

"உப்பு, புளி, தேங்காய்ப்பால் எல்லாம் எங்க வீட்டுது ஆச்சே, அண்ணை," என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல். மனைவி என் விலாவில் கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் நினைவிருக்கிறது.

"கறிக்குள்ள போறது கணக்கில்லை," என்றார் அவர். "பாப்பம்."

அவர் போன பிறகு மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்," என்றாள். "பிள்ளை பிறக்க முன்னம் அண்ணா எங்கட வீட்டில ஒருக்கா சாப்பிட்டா காணும். பிள்ளைக்கு மாமா எண்டு சொல்லிக்கொள்ள எங்கட பக்கத்தில வேற ஆர் இருக்கினம்?" குழந்தை மே மாதத்தில். ஆறு மூடுவது மார்ச்சில். அதற்குள் அண்ணனுடைய தூண்டிலில் ஒரு மீன் விழுந்தாக வேண்டும். அதுவரைக்கும் மீன் பிடிப்பது எனக்கு விளையாட்டாக இருந்தது. அன்றைக்கு அந்தப் படியில் அவளைப் பார்த்த பிறகு விளையாட்டாக இல்லை.

சனிக்கிழமை காலையில் வேன் வந்து நிற்கும். கிங்ஸ்டனுக்கு மேலே, கரையோரம் மரங்கள் சாய்ந்து நிற்கும் இடம். வேனில் தமிழ் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். வன்னியில் நடந்துகொண்டிருந்ததெல்லாம் அந்த ரேடியோவில் வரும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அவர் விரல்கள் வெளுத்திருக்கும். ஆற்றங்கரைக்கு வந்ததும் அதை நிறுத்துவார். அவர் இறங்கும் வரை நானும் இறங்க மாட்டேன்.

என் ஜோரானைப் பார்த்ததும் இது இந்த ஆற்றுக்குப் பத்தாது என்று ஒதுக்கிவிட்டு, தன்னிடம் இருந்த ஒரே மாதிரியான இரண்டு ஜெர்மன் தூண்டில்களில் ஒன்றை என்னிடம் நீட்டினார். பிறகு இரை எங்கே என்றார். நான் டப்பாவைத் திறந்தேன். எங்கள் தெருக்கோடித் தமிழ்க் கடையில் வாங்கிய மத்தி மீன். முழுசாகக் கொண்டுபோக வேண்டும் என்று மனைவியிடம் சொல்லித்தான் வைத்திருந்தேன். அவளுக்குக் கை கேட்கவில்லை. தலையை வெட்டி, குடலை எடுத்து, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் பிரட்டி அழகாக அடுக்கி வைத்திருந்தாள்.

அவர் டப்பாவை எட்டிப் பார்த்தார். முகம் கோணியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனுஷன் என் முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை. "தூண்டிலுக்குப் போற மீனுக்கும் மஞ்சளோ? மிளகாய்த்தூளையும் போட்டு விட்டிருக்கலாமே. மீன் சோத்தோட வந்து சாப்பிட்டிட்டுப் போகும்."

அவருடைய இரை சின்ன ஆற்று மீன், தலையோடு முழுசாக. சாண்டர் அதைத்தான் தின்னும், கடல் மீனை மோந்தும் பார்க்காது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பெண்டாட்டி மஞ்சள் போட்டுக் கொடுத்ததைத்தான் குத்துவேன் என்று குத்தினேன். வீட்டில் வந்து சொன்னால் அவளும் விடவில்லை. "மஞ்சள் போடாத மீனைக் கையால தொட எனக்கு ஏலாது," என்றாள். அடுத்த சனிக்கிழமையும் மஞ்சள். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் மஞ்சள்.

மீன் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் வெயில் அடித்தது, தண்ணீர் தெளிந்து அடிக்கல்கூடத் தெரிந்தது, சாண்டருக்கு வெளிச்சம் ஆகாது என்று அவர் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு வாரம் மேலே எங்கேயோ பெய்த மழையில் ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடியது, தூண்டில் நூலில் கட்டிய ஈயக் குண்டு அடியில் நிற்கவில்லை, கிளையும் பிளாஸ்டிக் பையும்தான் மாட்டின. காற்று ஒரு நாளிலேயே நாலு பக்கமும் திரும்பும். காலையில் கையுறை, பதினோரு மணிக்குக் கோட்டைக் கழற்ற வேண்டும், மத்தியானம் மறுபடியும் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் மனைவி கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலும் என் மடியில் இருக்கும். வாசம் மூக்கைத் துளைக்கும். அவர் தொட மாட்டார். "வீட்டுல தானே சாப்பிட மாட்டேன்னு சொன்னீங்க, இது ஆறு லா," என்று மலேசியப் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். "ஆரின்ர அடுப்பில வெந்தது?" என்றார். அவர் தன் பிளாஸ்க், நான் என் பிளாஸ்க். ஒரே பெட்டியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிளாஸ்க்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. அவர் அதிகம் பேச மாட்டார், பேசினால் மீன் பற்றி, பாய்லர் பற்றி, தங்கச்சி சின்ன வயதில் கிணற்றடியில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தது பற்றி. நான் மலேசிய ஆற்று மீன்களைப் பற்றிப் புளுகுவேன். அவர் நம்பாமல் "ஓம் ஓம்" என்பார். என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை, "இஞ்சை பாருங்கோ" என்பதோடு சரி. இருந்தும் வாரம் முழுக்க ஆபீசில் உட்கார்ந்துகொண்டு நான் சனிக்கிழமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. அன்றோடு ஆறு மூடுகிறது. கிளம்பும்போது மனைவி இரை டப்பாவை என் கையில் வைத்துவிட்டு, வயிற்றில் கை வைத்தபடி வாசலில் நின்றாள். வேனின் பின் சீட்டில் ஒரு பெரிய சோற்றுப் பெட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் அண்ணி சோறு கட்டிக் கொடுத்திருக்கிறார், ஒவ்வொரு வாரமும் இவர் அதை ஆற்றங்கரையிலிருந்து நேரே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போயிருக்கிறார். நான் கேட்டதும் அவரே ஒப்புக்கொண்டார், எனக்கு அது அன்றுதான் தெரிந்தது. அவருக்கும் அந்த மீன் வேண்டியிருந்தது. எங்களைவிட அவருக்கு அதிகமாக வேண்டியிருந்ததோ என்னவோ.

காலையில் நல்ல வெயில். கரையில் மஞ்சள் பூக்கள் வந்துவிட்டிருந்தன. ஆறு லேசான கலங்கல், அவர் அதைப் பார்த்து நல்ல தண்ணி என்றார். இரண்டு தூண்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் தாங்கியில் சாத்தி, நுனியில் சின்ன மணியைக் கட்டிவிட்டு உட்கார்ந்தோம். மத்தியானம் போனது. ஒன்றுமில்லை. திடீரென்று மேற்கே கருத்தது, காற்று சில்லிட்டது, அடுத்த நிமிஷம் ஆலங்கட்டி மழை. தண்ணீர் முழுக்கக் கொப்பளித்தது. மழைக் கோட்டு வேனில் இருந்தது. "நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு அவர் ஓடினார்.

அவர் பாதித் தூரம் போகவில்லை, மணி அடித்தது. என் தூண்டில்.

முதலில் கனம்தான் தெரிந்தது. கையில் எடுத்ததும் அந்தப் பக்கம் தலையை ஆட்டியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கையில் ஒரு மீனின் உயிர். வாய் நிறையச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே அடைத்துக்கொண்டது. ஐயோ, இது என் மீன். நான் பிடித்தால் இது எங்கள் வீட்டுச் சாப்பாடு. அவர் சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குப் போவார், ஆற்றை மூடிவிடுவார்கள், மனைவி வாசலில் வயிற்றில் கை வைத்தபடியே நிற்பாள்.

"அண்ணை, ஓடி வாங்க, உங்க தூண்டில்ல மீன்," என்று கத்தினேன்.

கோட்டை எறிந்துவிட்டு ஓடி வந்தார். கம்பை அவர் கையில் திணித்தேன். அவர் கண் முழுக்க ஆற்றில் இருந்த நேரத்தில், அவருடைய தூண்டிலை நைசாக எடுத்து என் தாங்கியில் சாத்திவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரித்தானே. பிறகு வலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கினேன். ஆலங்கட்டி தலையில் கொட்டியது. மீன் இரண்டு தரம் கரைக்கு வந்து இரண்டு தரம் திரும்பியது. மூன்றாம் தரம் வலைக்குள் வந்தது. முள்ளுச் செட்டை விரிந்திருந்தது, கண் அவர் சொன்னபடியே கண்ணாடிதான்.

தூண்டில் முள் தொண்டைக்குள்ளே போய்விட்டிருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து வாயைத் திறந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு முள்ளை அப்படியே விட்டு நூலை வெட்டினார். ஒரே தட்டில் மீனைக் கொன்றார்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த வெள்ளைக்காரர் பார்க்க வந்தார். இங்கே பெரும்பாலும் பிடித்த மீனைப் போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பி விட்டுவிடுவார்கள், அதனால் ஏசப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன். இல்லை. இது இந்த ஆற்று மீனே இல்லை, வெளியிலிருந்து வந்தது, கொண்டுபோனால் நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவர் சொன்னது மீனைத்தானே?" என்றார் அண்ணை. அவ்வளவுதான் பேசினார். நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி மீனைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "நான் தான்," என்றார் அவர், சுருக்கமாக. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. ஸிங்கில் போட்டுச் செதில் உரித்தாள், வயிற்றைக் கீறினாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தொண்டையை அறுத்தபோது அவள் கத்தி நின்றது.

எட்டிப் பார்த்தேன். முள்ளில் குத்தினபடி ஒரு துண்டு மத்தி. தலை இல்லை, குடல் இல்லை. இத்தனை நேரம் ஆற்றுத் தண்ணீரிலும் மீன் தொண்டையிலும் கிடந்தும் ஓரமெல்லாம் இன்னும் மஞ்சள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வருவதற்கு நல்ல சாக்கு இருந்தது. அவள் அந்தத் துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, வாடிக்கை மாறாமல், சாண்டருக்கு உப்பும் மஞ்சளும் பிரட்டினாள்.

நடுத்துண்டுகள் குழம்பு, தலையும் வாலும் தேங்காய்ப்பால் விட்ட சொதி. வீடு முழுக்க வாசம். அண்ணை கூடத்தில் உட்கார்ந்திருந்தார், காலடியில் சோற்றுப் பெட்டி, பக்கத்தில் பிளாஸ்க். நான் அவர் எதிரில் உட்கார்ந்து டிவியைப் பார்ப்பதாக நடித்தேன். டிவி போடப்பட்டிருக்கவில்லை.

மேசைக்கு வந்தார். மனைவி வெறும் தட்டை வைத்து, பக்கத்தில் குழம்பை வைத்து, அவர் தன் சோற்றை எடுப்பதற்காகக் காத்து நின்றாள். அவர் பெட்டியை எடுக்கவில்லை. குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை," என்றார். "நான் முழு மீனைத்தான் குத்தினனான். தலையோட."

"இதின்ர தொண்டைக்குள்ள மஞ்சள் போட்ட துண்டு கிடந்தது. கரையிலேயே பாத்திட்டன். இது என்ர மீன் இல்லை. மச்சான் பிடிச்ச மீன்." என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் மச்சான் என்று சொன்னார்.

மனைவியின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "அப்ப சாப்பிட மாட்டீங்களோ, அண்ணா?"

"ஆர் சொன்னது?" அவர் சோற்றுப் பெட்டியைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். "உன்ர பானையில சோறு இருக்கோ? இருந்தா போடு. பசிக்குது."

அவள் போட்டாள். அழுதுகொண்டே போட்டாள், அளவு தெரியாமல் மலை மாதிரிக் குவித்துவிட்டாள். அவர் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். சொதியைக் கையில் ஊற்றிக் குடித்தார். நான் என் சோற்றைப் பிசைந்துகொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைக் கவனித்துவிட்டு, "மீன் பிடிக்கத் தெரியுது, தின்னத் தெரியேல்லை," என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஆறு மூடியிருந்தது. எங்கே போகப்போகிறோம் என்று நான் படுக்கையிலேயே கிடந்தேன். வழக்கமான நேரத்தில் வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். அண்ணை நின்றிருந்தார். தூண்டில் இல்லை, சாமான் பெட்டி இல்லை, பிளாஸ்க்கும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போய் உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி போடு, பிள்ளை," என்றார்.